உன் கைக்கு ஏத்த கிட்டாரை யார் செய்யறாங்க? அக்கா சொல்ற 10 டிப்ஸ்

"அக்கா, எந்தக் கம்பெனி கிட்டார் நல்லது?"

பரீட்சை முடிஞ்சு மே மாசம் பிறந்தா போதும், காரைக்கால்ல கிட்டார் கத்துக்க ஆசைப்படற தம்பி தங்கச்சிங்க கேட்கிற முதல் கேள்வி இதுதான். நிரவி, திருமலைராயன்பட்டினம், கோட்டுச்சேரின்னு எங்கேயிருந்து வந்தாலும் கேள்வி மட்டும் மாறாது. நான் ஒரு பேரைச் சொல்லிடலாம். ஆனா அது என் கைக்கும் என் காதுக்கும் பிடிச்ச பேரா இருக்கும். உனக்குப் பிடிச்ச கிட்டாரைச் செய்யறவர் யாருன்னு நீதான் கண்டுபிடிக்கணும். அதுக்கு அதிர்ஷ்டம் வேண்டாம், பொறுமையும் ஒரு முறையும் இருந்தா போதும். எலக்ட்ரிக் கிட்டாரை இப்போ விட்டுடுவோம். மரப்பெட்டியே பாடற அகூஸ்டிக் கிட்டார் பத்தி மட்டும் வரிசையா சொல்றேன், கேட்டுக்கோ.

1. கடைக்குப் போறதுக்கு முன்னாடி உன் வாசிப்பைத் தெரிஞ்சுக்கோ

நீ கிட்டாரை எடுக்கிறது எதுக்கு? ஞாயித்துக்கிழமை பூசையில பாடகர் குழுவோட சேர்ந்து ஸ்ட்ரம் பண்ணவா? இளையராஜா பாட்டுல வர்ற மாதிரி ஒவ்வொரு கம்பியா விரல்ல மீட்டவா? லண்டன் ட்ரினிட்டி கிரேடு தேர்வு எழுதவா? இதை ஒரு நோட்டுல எழுதிட்டு மேல போ. ஏன்னா இந்த மூணுக்கும் மூணு வகை கிட்டார்.

பத்துப் பேர் பாடும்போது கிட்டார் சத்தம் அமுங்காம வரணும்னா பெரிய உடம்பு வேணும். அதுதான் ட்ரெட்நாட். அமெரிக்காவுல மார்ட்டின் கம்பெனி 1916-ல டிட்சன்ங்கிற வியாபாரிக்காக முதல்ல செஞ்சு கொடுத்த வடிவம் அது. இன்னிக்கு நம்ம பக்கத்துக் கடைகள்ல தொங்கற ஸ்டீல் கம்பி கிட்டார்ல நிறைய அந்த வம்சம்தான். விரல்ல மீட்டறவங்களுக்கு இடுப்பு ஒடுங்கின, கொஞ்சம் சின்ன உடம்பு ஒத்துவரும். கான்சர்ட், ஓஎம், பார்லர்னு பேர் போட்டிருக்கும். அதுல ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா காதுல விழும்.

கிளாசிக்கல் கிரேடு எழுதறவங்களுக்கு நைலான் கம்பி கிட்டார்தான். அதோட கழுத்து அகலம், நட்டுக்கிட்ட, அதாவது தலையும் கழுத்தும் சேர்ற இடத்துல, சுமாரா 52 மி.மீ. இருக்கும். ஸ்டீல் கம்பி கிட்டார்ல 43, 44 மி.மீ. தான். நைலான் கிட்டார்ல ஸ்டீல் கம்பியை மட்டும் மாட்டிடாதே. அந்த இழுப்பைத் தாங்கற மாதிரி அதைச் செய்யறதில்லை. கம்பியை மேல்பலகையில பிடிச்சு வச்சிருக்கிற பிரிட்ஜ் பேர்த்துக்கிட்டு வந்துடும்.

தங்கச்சிங்களுக்குத் தனியா ஒண்ணு சொல்றேன். ட்ரெட்நாட்டை மடியில வச்சா வலது தோள் மேல தூக்கிக்கிட்டு நிக்குதுன்னா அது உன் குறை இல்லை, அளவு பொருந்தலை, அவ்வளவுதான். "பொண்ணுங்களுக்கு முக்கால் சைஸ் போதும்"னு யாராவது சொன்னா ஏத்துக்காதே. முழு அளவுலயே மெலிசான உடம்பு கிட்டார் இருக்கு. அதைக் கேட்டு வாங்கு.

2. எத்தனை கிட்டாரைத் தொட முடியுமோ, தொடு

காரைக்கால்ல பத்து கம்பெனி கிட்டாரை ஒரே இடத்துல அடுக்கி வச்ச பெரிய ஷோரூம் கிடையாது. ஆனா நம்ம ஊர்ல வேற ஒரு வசதி இருக்கு. திருவேட்டக்குடியில என்.ஐ.டி. இருக்கு, ஜிப்மர் கிளை இருக்கு. ஆந்திரா, கேரளா, வடகிழக்குன்னு பல ஊர்ப் பசங்க படிக்க வர்றாங்க. வர்றவங்கள்ல கிட்டாரைத் தூக்கிக்கிட்டு வர்றவங்களும் இருக்காங்க. சர்ச் பாடகர் குழுக்கள்ல இருக்கு. வேளாங்கண்ணித் திருவிழா நாட்கள்ல, ஆகஸ்ட் 29-ல இருந்து செப்டம்பர் 8 வரைக்கும், ஊர் ஊரா வர்ற குழுக்கள்கிட்ட இருக்கும்.

அவங்ககிட்ட மரியாதையா கேளு. "அண்ணா, ரெண்டு நிமிஷம் வாசிச்சுப் பார்க்கலாமா?"னு கேட்டா, கிட்டார் வாசிக்கிறவங்க பெரும்பாலும் சந்தோஷமா நீட்டுவாங்க. வாங்கறதுக்கு முன்னாடி கையைக் கழுவிக்கோ, மோதிரத்தைக் கழட்டு, பெல்ட் பக்கிள் பின்பக்கத்துல கீறாம பார்த்துக்கோ. வாசிச்ச ஒவ்வொண்ணையும் நோட்டுல எழுது: கம்பெனி, மாடல், உடம்பு அளவு, என்ன கம்பி, கை எங்கே வலிச்சது, எந்தச் சத்தம் பிடிச்சது. கொஞ்ச நாள்லயே அந்த நோட்டுல ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். பிடிச்சதுன்னு எழுதின இடத்துல எல்லாம் ஒரே மாதிரி கழுத்தோ, ஒரே அளவு உடம்போ, ஒரே கம்பெனியோ திரும்பத் திரும்ப வரும். நீ தேடற ஆள் அங்கேதான் இருக்கார்.

சென்னைக்குப் போக வாய்ப்பு கிடைச்சா அண்ணா சாலையில மியூசி மியூசிக்கல் கடைக்கு ஒரு நடை போயிட்டு வா. 1842-ல மிஸ்க்வித் கம்பெனின்னு ஆரம்பிச்ச கடை அது. வாங்கத்தான் போகணும்னு இல்லை, நோட்டை எடுத்துக்கிட்டு வாசிச்சுப் பார்க்கவே போகலாம். பாண்டிச்சேரியிலயும் இசைக்கருவிக் கடைகள் இருக்கு. ஏதாவது சர்ட்டிபிகேட் வேலையா போறப்போ ஒரு மணி நேரம் இதுக்கு ஒதுக்கு.

3. கண்ணை மூடிக்கிட்டுக் கேளு

கிட்டார் தலையில பளபளன்னு மின்னற கம்பெனிப் பேரைப் பார்த்ததும் காது கொஞ்சம் ஏமாறும். அதனால முதுகைத் திருப்பிக்கிட்டு உட்காரு. ஒரு தோழியை மூணு நாலு கிட்டார்ல ஒரே துண்டை வாசிக்கச் சொல்லு. எது பிடிச்சதுன்னு சொல்லு. அப்புறம் வரிசையை மாத்தி மறுபடியும் கேளு. ரெண்டு தடவையும் ஒரே கிட்டாரைக் கைகாட்டினா அந்தப் பதிலை நம்பலாம்.

இதைப் பெரிய அளவுலயே செஞ்சு பார்த்திருக்காங்க. இங்கிலாந்துல லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், ரோஜர் பக்னால்ங்கிற கிட்டார் கைவினைஞரை ஆறு கிட்டார் செய்யச் சொன்னாங்க. எல்லாம் ஒரே வடிவம். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் ஆறு வேற மரம், விலை உயர்ந்ததும் உண்டு, மலிவானதும் உண்டு. 52 கிட்டார் கலைஞர்களை மங்கின வெளிச்சத்துல, வெல்டிங் கண்ணாடி போட்டுக்கிட்டு வாசிக்க வச்சாங்க. 2018-ல வந்த முடிவு என்னன்னா, மதிப்பெண்ல பெரிய வித்தியாசமே இல்லை. விலை கூடின பிரேசில் ரோஸ்வுட்டைத் தனியா அடையாளம் காட்ட முடியலை.

இதை 19-ம் நூற்றாண்டுலயே ஒருத்தர் செஞ்சு காட்டிட்டார். இன்னிக்கு நாம பார்க்கிற கிளாசிக்கல் கிட்டார் வடிவத்துக்கு அடித்தளம் போட்ட ஸ்பெயின்காரர் அந்தோனியோ தே தோரெஸ், 1862-ல பின்பக்கத்தையும் பக்கங்களையும் காகித அட்டையிலயே செஞ்சு ஒரு கிட்டார் கட்டினார். மேல்பலகை மட்டும் மரம். கிட்டாரோட குரல் முக்கியமா மேல்பலகையில இருக்கு, அதைச் செதுக்கி உள்ளே குறுக்குச் சட்டம் வைக்கிற கையில இருக்குன்னு நிரூபிக்கத்தான் அப்படிச் செஞ்சார். அந்த கிட்டார் இன்னும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்துல இருக்கு.

இதுல உனக்கு என்ன பாடம்? மரத்தோட பேரைச் சொல்லி விலையை ஏத்தினா மயங்காதே. மேல்பலகை சாலிடா (முழு மரம்), இல்லை ப்ளையா (ஒட்டின அடுக்கு மரம்)ன்னு கேளு. அது நிஜமான வித்தியாசம். சவுண்ட் ஹோல் ஓரத்தை உத்துப் பாரு. மேல தெரியற மரவரி ஓரத்துலயும் தொடர்ந்து ஓடினா சாலிட், அடுக்கு அடுக்கா தெரிஞ்சா ப்ளை.

நம்ம மரத்தைப் பத்தியும் ஒரு பெருமையான சேதி இருக்கு. பிரேசில் ரோஸ்வுட் கட்டைகள் கிடைக்கிறது கஷ்டமானதும், மார்ட்டின் கம்பெனி 1969-ல தன்னோட புகழ்பெற்ற டி-28 கிட்டாருக்கு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறிச்சு. நீலகிரி, வயநாடு பக்கம் ஈட்டின்னும் தோதகத்தின்னும் சொல்ற மரம் அது. உலகத்துப் பெரிய மேடைகள்ல கேட்கிற பல கிட்டாரோட பின்பலகை நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில வளர்ந்தது.

4. ஒரே பாட்டு, ஒரே மாதிரி கம்பி

ஒரு கிட்டார்ல நேத்து மாட்டின கம்பி, இன்னொண்ணுல ஆறு மாசத் துரு. இது ரெண்டையும் ஒப்பிட்டா கம்பியைத்தான் ஒப்பிடறே, கிட்டாரை இல்லை. முடிஞ்ச வரைக்கும் ஒரே தடிமன், ஒரே அளவு பழசான கம்பி இருக்கிற கிட்டார்களை வச்சுப் பாரு. ஆரம்பத்துல 10-47 இல்லைன்னா 11-52 செட் விரலுக்குச் சுகம். 12-53 செட்ல சத்தம் பெருசா வரும், அதே சமயம் விரல்ல வலியும் கூடும்.

வாசிக்கிற பாட்டையும் முன்னாடியே முடிவு பண்ணு. உனக்கு மனப்பாடமா வர்ற, மெதுவான ஒரு பாட்டு போதும். அதுல கீழ்க்கம்பி பேஸ் வர்ற இடம், மேல பன்னிரண்டாவது ஃப்ரெட் (கழுத்துல குறுக்கே பதிச்ச உலோகப் பட்டை) பக்கம் போற இடம், ஒரே விரலால எல்லாக் கம்பியையும் அழுத்தற ஒரு எஃப் பார் கார்டு, கடைசியில கம்பியை விட்டுட்டுக் காத்திருந்து கேட்கிற ஒரு இடம், நாலும் இருக்கணும். மெதுவா தொட்டா பேசுதா, ஓங்கி அடிச்சா கத்தாம தாங்குதான்னு ரெண்டையும் பாரு. கடையில மத்தவங்க பிரமிக்கணும்னு வேகமா வாசிக்காதே. அப்படி வாசிச்சா கிட்டார் உன்கிட்ட சொல்றது எதுவும் காதுல விழாது.

5. கடையிலயே செய்ய வேண்டிய அஞ்சு நிமிஷப் பரிசோதனை

• கழுத்து: தலைப்பக்கத்துல இருந்து துப்பாக்கி குறி பார்க்கிற மாதிரி ஒரு கண்ணால பாரு. லேசா உள்ளே வளைஞ்சிருந்தா பரவாயில்லை. முறுக்கிக்கிட்டிருந்தா வாங்காதே.

• ஆக்‌ஷன்: பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல இருக்கிற உயரம். ஸ்டீல் கம்பி கிட்டார்ல தடிக் கம்பிக்கு சுமாரா இரண்டரை மி.மீ., மெல்லிய கம்பிக்கு இரண்டு மி.மீ. இருந்தா வசதி. நாலு மி.மீ. இருந்தா விரல் வீங்கும், கத்துக்கிற ஆசையே போயிடும்.

• பஸ் (கம்பி ஃப்ரெட்ல உரசற இரைச்சல்): ஒவ்வொரு கம்பியையும் முதல் ஃப்ரெட்ல இருந்து கடைசி வரைக்கும் ஒண்ணொண்ணா அழுத்தி மீட்டு. "ங்ஙீ"ன்னு அதிர்ற இடத்தை எல்லாம் குறிச்சுக்கோ.

• சுருதி: பன்னிரண்டாவது ஃப்ரெட் மேல விரலை லேசா வச்சு ஹார்மானிக் எடு, அப்புறம் அதே இடத்துல அழுத்தி மீட்டு. ட்யூனர் ஆப்ல ரெண்டும் ஒண்ணா வரணும். வரலைன்னா மேல போகப்போக கார்டு எல்லாம் அபஸ்வரமா கேட்கும்.

• பிரிட்ஜ்: அதுக்கும் மேல்பலகைக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு முனை நுழையுதா பாரு. நுழைஞ்சா பசை விட்டிருக்கு. ஆறு ஸ்டீல் கம்பியும் சேர்ந்து சுமாரா 70 கிலோ எடைக்கு இழுக்குது. அந்த இடைவெளி வளரத்தான் செய்யும்.

பழைய கிட்டார் வாங்கினா இந்த அஞ்சையும் ரெண்டு தடவை பாரு. ஆக்‌ஷன், பஸ் இது ரெண்டும் செட்டப்ல, அதாவது கம்பி உயரத்தையும் கழுத்தையும் சரிபண்ற வேலையில, சரியாகும். முறுக்கின கழுத்தும் மூழ்கின மேல்பலகையும் கிட்டார் விலையை விடச் செலவு வைக்கும்.

6. லேபிளுக்குப் பின்னாடி எந்தத் தொழிற்சாலைன்னு பாரு

சவுண்ட் ஹோலுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாரு. மாடல் நம்பர், சீரியல் நம்பர், எந்த நாட்டுல செஞ்சதுன்னு லேபிள்ல இருக்கும். தலையில இருக்கிற பேரும் செஞ்ச தொழிற்சாலையும் ஒண்ணாத்தான் இருக்கணும்னு இல்லை. கொரியாவோட கோர்ட் கம்பெனிக்கு இந்தோனேசியாவுல தொழிற்சாலை இருக்கு. அங்கே தன் பேர்லயும் செய்யறாங்க, வேற பெரிய பேர்களுக்கும் செஞ்சு கொடுக்கிறாங்க. இது தெரிஞ்சா, அதே கைங்க செஞ்சதைக் கொஞ்சம் குறைஞ்ச விலையில வாங்கற வழியும் தெரிஞ்சுடும்.

நம்ம நாட்டுல கல்கத்தா ரொம்ப காலமா கிட்டார் செய்யற ஊர். கிவ்சன், ஹாப்னர் எல்லாம் அங்கேயிருந்துதான் வருது. சொற்ப விலையில எத்தனையோ பேருக்கு முதல் கிட்டாரா அமைஞ்சது அதுங்கதான். ஒண்ணுக்கொண்ணு தரம் மாறும். அதனால இதுல "ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டேன் அக்கா" வேலையே வேண்டாம். நேர்ல நாலஞ்சை வாசிச்சு ஒண்ணை எடு. யமஹா வேற வகை. ஒண்ணு எப்படியோ அடுத்ததும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். நேர்ல போய்ப் பார்க்க முடியாத ஊர்ல இருக்கிறவங்களுக்கு அது பெரிய நிம்மதி. சென்னைக்குப் பக்கத்துல அவங்க 2019-ல ஆரம்பிச்ச தொழிற்சாலையில அகூஸ்டிக் கிட்டாரும் தயாராகுது.

பணக் கணக்கு சுமாரா இப்படி வச்சுக்கோ. முதல் கிட்டாருக்கு 6,000-ல இருந்து 12,000 ரூபாய் போதும். சாலிட் டாப் வேணும்னா 15,000-க்கு மேல போகணும். ரெண்டு வருஷம் விடாம வாசிச்சதுக்கு அப்புறம் சாலிட் டாப்புக்குப் போ. அப்போதான் உன் காதுக்கு அந்த வித்தியாசம் பிடிபடும். வாங்கற பணத்துல 1,000, 1,500 ரூபாயை செட்டப்புக்கும் நல்ல கம்பிக்கும் எடுத்து வை. 8,000 ரூபாய் கிட்டாரை நல்ல கை செட்டப் பண்ணினா அது 15,000 ரூபாய் கிட்டாரோட நிக்கும்.

7. செய்யறவர்கிட்ட பேசு. நம்ம டெல்டாவோட வழக்கம் அது

இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமான டிப்ஸ். மயிலாடுதுறையில இருந்து கும்பகோணம் போற வழியில நரசிங்கம்பேட்டை இருக்கு. நாகஸ்வரம் செய்யற ஊர். பழைய வீடுகள்ல இருந்து எடுத்த, வயசான ஆச்சா மரத்தைக் கடைஞ்சு செய்யறாங்க. 2022-ல புவிசார் குறியீடு கிடைச்சது. அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரிகிட்ட நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ஒரு குறையோட போனார். அந்தக் காலத்து நாகஸ்வரத்துல சுத்த மத்யமம் தானா சுத்தமா பேசாது. வாசிக்கிறவர் மூச்சாலயும் உதட்டாலயும் சமாளிக்கணும். ஆசாரி நீளத்தையும் துளைக் கணக்கையும் மாத்தி மாத்திச் செஞ்சு, அந்த ஸ்வரம் சரியா பேசற பாரி நாகஸ்வரத்தைக் கொடுத்தார். இன்னிக்கு கச்சேரி மேடையில ஒலிக்கிறது அந்த வழியில வந்த வாத்தியம்தான்.

கவனிச்சியா? "நல்ல நாகஸ்வரம் ஒண்ணு கொடுங்க"ன்னு அவர் போகலை. எந்த ஸ்வரம் தன்னைத் தடுக்குதுன்னு தெளிவா தெரிஞ்சுக்கிட்டுப் போனார். கேட்கத் தெரிஞ்ச வித்வானும் காது கொடுக்கத் தெரிஞ்ச ஆசாரியும் சேர்ந்தப்போ வாத்தியமே மாறிச்சு.

கிட்டார் உலகத்துலயும் அப்படித்தான். ஸ்பெயினோட கிளாசிக்கல் கிட்டார் கலைஞர் ஆந்த்ரெஸ் செகோவியா 1912-ல மத்ரித்ல மானுவேல் ராமிரெஸ் பட்டறையில செஞ்ச கிட்டாரைத்தான் வருஷக்கணக்கா வாசிச்சார். 1924-ல ம்யூனிக்ல ஹெர்மன் ஹவுஸர்ங்கிற ஜெர்மானியக் கைவினைஞருக்கு அதைப் பார்க்கக் கொடுத்தார். ஹவுஸர் அளவெடுத்தார், செஞ்சார், காட்டினார். செகோவியா குறை சொன்னார். அவர் மறுபடி செஞ்சார். கடைசியில 1937-ல செஞ்ச கிட்டார்தான் செகோவியா மனசை நிறைச்சது. பதிமூணு வருஷம்! அவ்வளவு பெரிய கலைஞரே தனக்குப் பிடிச்ச ஆளைக் கண்டுபிடிச்சு, கூடவே நடந்து, காத்திருந்துதான் அந்த கிட்டாரை வாங்கினார்.

நமக்கும் கைவினைஞர்கள் பக்கத்துலயே இருக்காங்க. காரைக்கால்ல இருந்து கடற்கரை ரோட்டுல வடக்கே போனா பாண்டிச்சேரி, அதைத் தாண்டி ஆரோவில். அங்கே எரிசா நியோகி கையாலேயே கிட்டார் செய்யறவர். இப்படிக் கையால செய்யற கிட்டார் பெரும்பாலும் லட்சத்தைத் தாண்டும், மாசக்கணக்குல காத்திருக்கணும். அதனால முதல் கிட்டாருக்கு இந்த வழி வேண்டாம். ஆனா எந்தக் கைவினைஞரைப் பார்க்க வாய்ப்பு கிடைச்சாலும், முன்கூட்டியே நேரம் கேட்டுக்கிட்டுப் போய் வேலையைப் பாரு. மேல்பலகையைத் தட்டிக் கேட்டுக் கேட்டு இழைக்கிறதை ஒரு தடவை பார்த்தா, அப்புறம் எந்தக் கடையிலயும் உன்னை யாரும் ஏமாத்த முடியாது.

கையால செய்யச் சொல்லும்போது இவ்வளவும் கேளு: என்ன மரம், எத்தனை வருஷம் உலர வச்சது, என் கை அளவுக்குக் கழுத்தை மாத்துவீங்களா, கடலோர ஈரத்துக்கு என்ன செய்வீங்க, பழுதானா நீங்களே பார்ப்பீங்களா, முன்பணம் எவ்வளவு, எப்போ கிடைக்கும். எல்லாத்தையும் எழுதி வாங்கு.

8. ஃப்ரான்ஸ்ல இருந்து வர்ற கிட்டார்

நம்ம ஊர்ல நிறைய வீட்டுக்கு ஒரு சித்தப்பாவோ அத்தையோ ஃப்ரான்ஸ்ல இருப்பாங்க. "வரும்போது ஒரு கிட்டார் வாங்கிட்டு வாங்க"ன்னு சொல்றது சுலபம். அதுக்கு முன்னாடி மூணு விஷயம்.

ஒண்ணு, பிரெஞ்சுப் பேர் இருந்தா பிரான்ஸ்லயே செஞ்சதுன்னு நினைக்காதே. லாக்ங்கிற பிரெஞ்சுக் கம்பெனியோட ட்ராமொன்டேன் வரிசை நல்ல வரிசைதான், ஆனா அதுல பல மாடல் ஆசியாவுல தயாராகறது. இங்கேயே கிடைக்கிற தரத்துக்கு அங்கே இருந்து சுமந்துக்கிட்டு வரணுமான்னு யோசி. ரெண்டு, நீ வாசிச்சே பார்க்காத மாடலைச் சொல்லி அனுப்பாதே. உன் நோட்டுல ஏற்கெனவே "பிடிச்சது"ன்னு எழுதின மாடலை, அளவோட எழுதி அனுப்பு. மூணு, பாரிஸ் குளிர்காலத்துல ஹீட்டர் போட்ட வீட்டுல காத்து வறண்டு கிடக்கும். அங்கேயிருந்து நேரா நம்ம ஊர் ஈரத்துக்கு வருது. வந்த உடனே கேஸைத் திறக்காதே. ஒரு நாள் மூடியே வை. அப்புறம் திறந்து, தளர்த்தின கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. விமானத்துல சாஃப்ட் பேக்ல போட்டு லக்கேஜ்ல அனுப்ப வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடு. ஹார்ட் கேஸ் வேணும்.

பாரிஸ்ல இருக்கிற சொந்தக்காரங்ககிட்ட இன்னொண்ணும் சொல்லு. அங்கே லா விலெத் இசை அருங்காட்சியகத்துல ஜாங்கோ ரைன்ஹார்ட்டோட கிட்டார் இருக்கு. செல்மர் கம்பெனி 1940-ல செஞ்ச 503-ம் நம்பர். 1928-ல வண்டி வீடு தீப்பிடிச்சு இடதுகையில ரெண்டு விரல் வேலைக்கு உதவாம போனவர் அவர். மீதி விரல்களை வச்சே ஜாஸ் உலகத்தை அசத்தினார். மைக் இல்லாத கூட்டத்துலயும் குரல் எட்டற செல்மர் கிட்டார்தான் அவருக்குத் துணை. தன் கைக்கும் தன் வாசிப்புக்கும் எது உதவுதோ அதைப் பிடிச்சுக்கணும்னு அவரைப் பார்த்துக் கத்துக்கலாம்.

9. உப்புக்காத்துக்குத் தாங்குமான்னு கேளு

கிட்டார் மரத்துக்குப் பிடிச்ச ஈரப்பதம் 45-ல இருந்து 55 சதவீதம். நம்ம ஊர்ல ஐப்பசி, கார்த்திகை அடைமழையில 80-ஐத் தாண்டும். மரம் ஈரத்தைக் குடிச்சு மேல்பலகை உப்பும், ஆக்‌ஷன் ஏறும், சத்தம் அமுங்கும். உப்புக்காத்து கம்பியையும் ட்யூனிங் கீயையும் துருவேத்தும். மாசி மாசம் அருமையா இருந்த கிட்டார் கார்த்திகையில கல்லு மாதிரி ஆகறதுக்கு இதுதான் காரணம். அதனால:

• சில நூறு ரூபாய்க்கு ஈரப்பத மீட்டர் கிடைக்குது. கேஸுக்குள்ள ஒண்ணு போடு.

• மூடின கேஸ்ல சிலிகா ஜெல் பை வை. நிறம் மாறினதும் மாத்து. சின்னக் குழந்தைங்க கையில கிடைக்கக் கூடாது.

• வாசிச்சு முடிச்ச ஒவ்வொரு தடவையும் கம்பியை மேலயும் அடியிலயும் உலர்ந்த பருத்தித் துணியால துடை. மேல்பூச்சு போட்ட கோட்டட் கம்பி விலை கூடுதல், நம்ம கடலோரத்துல அது கூடுதல் நாள் உழைக்கும்.

• மழையில ஊறற வெளிச்சுவர்ல கிட்டாரை மாட்டாதே. கேஸைத் தரையில படுக்க வைக்காதே. கரையான் சத்தமே இல்லாம வரும்.

• வெயில்ல நிக்கற கார்லயோ, பஸ் டிக்கியிலயோ வைக்காதே. சூட்டுல பசை இளகி பிரிட்ஜ் தூக்கும்.

• பீச்சுக்கு எடுத்துட்டுப் போகணும்னா ப்ளை கிட்டாரை எடுத்துட்டுப் போ. சாலிட் டாப்பை வீட்டுல விடு.

• வருஷத்துல ரெண்டு தடவை, மழைக்கு முன்னாடியும் பின்னாடியும், ஆக்‌ஷனை அளந்து எழுதி வை.

அதனாலதான் சொல்றேன், ஒரு கம்பெனி பிடிச்சிருக்கான்னு முடிவு சொல்ல நம்ம ஊர்ல ஒரு முழு வருஷம் வேணும். சித்திரை வெயிலையும் கார்த்திகை மழையையும் தாண்டி சுருதியோட நிக்கிற கிட்டாரைச் செய்யறவர்தான் நமக்கு நல்ல கிட்டார் செய்யறவர்.

10. பழுது பார்க்க யார் இருக்காங்கன்னு முதல்லயே விசாரி

எவ்வளவு நல்ல கம்பெனியா இருந்தாலும் நட் தேயும், ஃப்ரெட் தேயும், பிரிட்ஜ் மேல கம்பியைத் தாங்கற சேடிலைத் தேய்க்க வேண்டி வரும். உனக்கு எட்டற தூரத்துல இதைச் செய்யற ஆள் யாருன்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டு வை. பக்கத்து ஊர் கிட்டார் மாஸ்டர்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த ஆள்கிட்டயே ஒரு கேள்வி கேளு: "உங்ககிட்ட பழுதுக்கு எந்தக் கம்பெனி குறைவா வருது?" கடைக்காரர் கொடுக்கிற பதிலை விட இது நம்பகமானது, ஏன்னா அவர் தினமும் கிட்டாரோட உள்பக்கத்தைப் பார்க்கிறவர். கழுத்து வளைவைச் சரிபண்ற ட்ரஸ் ராட் உள்ளே இருக்கா, அதைத் திருப்பற சாவி கூடவே வருதான்னும் பாரு. ட்ரஸ் ராட் இல்லாத ஸ்டீல் கம்பி கிட்டாரை நம்ம தட்பவெப்பத்துக்கு வாங்கவே வாங்காதே.

கம்பி மாத்தறது, துடைக்கிறது, சுருதி சேர்க்கறது, ஆக்‌ஷன் அளக்கறது, இந்த நாலையும் நீயே கத்துக்கோ. இதுக்கு யாரையும் எதிர்பார்க்கக் கூடாது. தங்கச்சிங்களும் ஸ்பேனரைக் கையில எடுக்கணும், அண்ணன் வரட்டும்னு காத்திருக்காதீங்க.

கடைசியா, விளம்பரத்தையும் விலையையும் பார்த்துப் பிடிச்ச கம்பெனியைத் தேர்ந்தெடுக்காதே. பல கிட்டாரைத் தொட்டு, கண்ணை மூடிக் கேட்டு, என்ன குறைன்னு வாய்விட்டுச் சொல்லத் தெரிஞ்சதுக்கு அப்புறம், ஒரு வருஷம் நம்ம ஊர்க் காத்துல கூட வச்சுப் பாரு. அப்புறம் உன் நோட்டுல எந்தப் பேர் மிஞ்சுதோ, அதுதான் உன் கம்பெனி, அவர்தான் உன் கைவினைஞர். இந்த வாரமே ஒரு நோட்டு வாங்கு. பத்து கிட்டார் அதுல பதிவாகற வரைக்கும் பர்ஸைத் திறக்காதே.